தூர் வாரும் வேலை: மென்பொருள் குழுவில் யார் கண்ணிலும் படாத உழைப்பு

சென்னையிலோ கோவையிலோ ஐ.டி. வேலைக்குச் சேரும் பிள்ளைகள், பயிற்சி முடிந்து ப்ராஜெக்ட் ஒதுக்கும் நாளில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: "உனக்கு டெவலப்மென்ட்டா, சப்போர்ட்டா?" புதிதாக மென்பொருள் எழுதுவது டெவலப்மென்ட், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பராமரிப்பது சப்போர்ட். டெவலப்மென்ட் கிடைத்தவருக்குக் கைகுலுக்கல். சப்போர்ட் கிடைத்தவருக்கு, "கவலைப்படாத, ஆறு மாசத்துல மாத்திக்கலாம்" என்ற ஆறுதல். எனக்குக் கிடைத்தது ஆறுதல்தான். ஆனால் மென்பொருளைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த சப்போர்ட் நாட்களில் கற்றது.

யார் கண்ணிலும் படாத வேலை என்று இங்கே நான் சொல்வது இவற்றைத்தான்: பழைய கோடை, அதாவது கம்ப்யூட்டருக்காக எழுதிய நிரலை, சுத்தம் செய்வது, கோடு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் எழுதுவது, பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, செய்முறையை எழுதி வைப்பது, லைப்ரரிகளை (பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோடுகளை) புதுப்பிப்பது, நடுராத்திரி அலாரம் அடித்தால் எழுந்து என்னவென்று பார்ப்பது. டெமோவில் காட்ட முடியாத வேலைகள்.

இவற்றைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. திறமை குறைந்தவர்களுக்கான சில்லறை வேலை என்பது ஒன்று. எந்த வேலையையும் முகம் சுளிக்காமல் செய், பலன் தானாக வரும் என்ற புத்திமதி இன்னொன்று. இரண்டுமே தப்பு. முதலாவது வேலையைப் புரிந்துகொள்ளாதவர் பேச்சு. இரண்டாவது, அந்த வேலையைச் செய்கிறவரை ஏமாற்றும் பேச்சு. இதன் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எதை மறுக்கலாம் என்பதும் விளங்கிவிடும்.

ஏரியிலிருந்து தொடங்கலாம்

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஏரிக்குத் தண்ணீரோடு மண்ணும் வந்து சேர்கிறது. அது அடியில் வண்டலாகப் படிகிறது. ஒரு வருடத்தில் படிவது கண்ணுக்கே தெரியாது. கரையில் நின்று பார்த்தால் அதே ஏரிதான், தண்ணீர் அதே மட்டத்தில்தான் தளும்பும். ஆனால் ஆழம் குறைந்திருக்கும். முன்பெல்லாம் அறுவடை வரை தாங்கிய தண்ணீர் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் தீர்ந்துபோகும். பெருமழை வந்தால் சீக்கிரம் நிரம்பிக் கரையை நெருக்கும்.

அதற்காகத்தான் குடிமராமத்து என்ற ஏற்பாடு இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் ஊரார் கூடித் தூர் வாருவார்கள், கரையைப் பலப்படுத்துவார்கள், வரத்துக் கால்வாயில் மண்டிய புதரை வெட்டுவார்கள். வாரிய வண்டல் வயலுக்கு உரமாகப் போகும்.

தூர் வாரிய வருடம் கரை உடையவில்லை என்றால், வாரியதால்தான் உடையவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த வருடம் மழை குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் கரை உடைந்த ராத்திரியில் மணல் மூட்டை சுமந்து அடைத்தவரின் பெயர் ஊருக்கே தெரியும். இதில் அவர் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. நடந்தது கண்ணுக்குத் தெரியும், நடக்காமல் போனது தெரியாது.

இதுவரை பார்த்தது: சேதம் மெல்லச் சேர்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. தடுத்தவருக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

மென்பொருளில் படியும் வண்டல்

"கோடு என்ன இரும்பா, துருப்பிடிக்க? ஒரு தடவை எழுதினால் அப்படியே கிடக்கும்தானே?" என்று சிலர் கேட்பார்கள். கோடு அப்படியேதான் கிடக்கும், சுற்றியுள்ள உலகம்தான் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆயிரம் பேருக்காகக் கட்டிய டேட்டாபேஸில் பத்து லட்சம் பேர் சேர்ந்துவிடுவார்கள். நாம் பயன்படுத்தும் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்படும். அந்தப் பகுதியை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். சான்றிதழ் காலாவதியாகும். சான்றிதழ் என்பது, ஒரு சர்வர் உண்மையான சர்வர்தான் என்று எதிர்முனைக்கு உறுதி சொல்லும் டிஜிட்டல் ஆவணம். பால் பாக்கெட்டைப் போல அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனின் ஓ2 மொபைல் நெட்வொர்க்கில் கோடிக்கணக்கானவர்களுக்கு இன்டர்நெட் நின்றுபோனது. எரிக்சன் கொடுத்திருந்த மென்பொருளில் ஒரு சான்றிதழின் தேதி முடிந்துபோயிருந்ததுதான் காரணம்.

இன்னொரு வகை வண்டலும் உண்டு. அதை டெக்னிக்கல் டெட், அதாவது தொழில்நுட்பக் கடன் என்பார்கள். 1992இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க மென்பொருளாளர் சொன்ன உவமை இது. இன்றைக்குத் தெரிந்த அளவைக் கொண்டு கோடை எழுதி வெளியிட்டுவிடுகிறோம். பயன்பாட்டில் வந்தபிறகு விஷயம் இன்னும் நன்றாகப் புரிகிறது. புரிந்ததற்கு ஏற்ப கோடைத் திருத்தி எழுதினால் கடன் அடைந்துவிடும். திருத்தாமல் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போனால், அடுத்து வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தக் கூடுதல் நேரம்தான் வட்டி. அலுவலகங்களில் இந்தச் சொல்லை அவசரத்தில் அலங்கோலமாக எழுதிய கோடுக்குச் சமாதானமாகப் பயன்படுத்துகிறார்கள். மோசமாக எழுதலாம் என்று தான் ஒருபோதும் சொல்லவில்லை என்று கன்னிங்ஹாமே பின்னாளில் விளக்க வேண்டியிருந்தது.

பேக்கப் கைவிட்ட இரவு

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் சம்பவம் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது. மென்பொருள் குழுக்கள் தங்கள் கோடைச் சேமித்து வைத்து ஒன்றாக வேலை செய்வதற்கான சேவை அது. நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். அந்த நேர்மையால்தான் நம்மால் இவ்வளவு விவரமாகப் பேச முடிகிறது.

முதலில் இரண்டு சொற்கள். பேக்கப் என்பது மூலத் தரவு அழிந்தால் மீட்பதற்காக வேறிடத்தில் எடுத்து வைக்கும் நகல். ரெப்ளிகேஷன் என்பது முதன்மை டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு உடனுக்குடன் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

2017 ஜனவரி 31. டேட்டாபேஸுக்கு அளவுக்கு மீறிய சுமை வந்ததில், இரண்டாவது சர்வருக்கான ரெப்ளிகேஷன் பின்தங்கி அறுந்துபோனது. அதைப் புதிதாகத் தொடங்க ஒரு பொறியாளர் முயன்றார். நேரம் கடந்துவிட்டது, முயற்சி கைகூடவில்லை. இரண்டாவது சர்வரில் கிடக்கும் பழைய கோப்புகள்தான் தடங்கல் என்று நினைத்து அவற்றை அழிக்கக் கட்டளை கொடுத்தார். ஆனால் அவர் இருந்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடிகளில் தெரிந்துகொண்டு நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவு போய், நாலரை ஜிபிதான் மிச்சம் இருந்தது.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று தேடிப் போனார்கள். தினமும் அமேசான் சேமிப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நகல் அங்கே இல்லை, இடம் காலியாகக் கிடந்தது. நகலெடுக்கும் கருவி பழைய பதிப்பு, டேட்டாபேஸ் புதிய பதிப்பு. இரண்டும் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு நாளும் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் மின்னஞ்சல் வர வேண்டும். உரிய கையொப்பம் இல்லை என்று அந்த மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டதால் அவையும் யாருக்கும் வந்து சேரவில்லை. கிளவுட் வட்டு நகல் எடுக்கும் வசதி டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. ரெப்ளிகேஷன் ஏற்கெனவே அறுந்து கிடந்தது. ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தும் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை, சில தொடக்கத்திலிருந்தே சரியாக அமைக்கப்படவில்லை என்று அன்றைக்கு அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

காப்பாற்றியது எது தெரியுமா? சுமார் 6 மணி நேரத்துக்கு முன், வேறு ஒரு சோதனைக்காக ஒரு பொறியாளர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அது மெதுவான வட்டில் இருந்ததால் எடுத்துச் சேர்க்கவே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட 6 மணி நேரத்தில் சேர்ந்தவை, சுமார் 5,000 ப்ராஜெக்ட் பதிவுகளும் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும், போனது போனதுதான்.

பிறகு அவர்கள் எழுதிய அறிக்கையில், பேக்கப்பை ஏன் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அதற்கு யாரும் பொறுப்பாளர் இல்லை, அதனால் யாரும் சோதிக்கவில்லை என்று பதிலும் எழுதினார்கள். அந்தப் பொறியாளரின் கைப்பிழையைவிட இந்தப் பதில்தான் எனக்கு முக்கியம். மனிதர் என்றால் ராத்திரி களைப்பில் பிழை செய்வார். மாதம் ஒரு தடவை, ஒரு மதிய நேரத்தில், யாராவது ஒருவர் பேக்கப்பை எடுத்து வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்திருந்தால் அந்தக் காலி இடம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வந்தும் படிக்கப்படாத 97 மின்னஞ்சல்கள்

கிட்லேப்பில் எச்சரிக்கை வந்து சேரவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தையில் இயங்கிய நைட் கேப்பிடல் நிறுவனத்தில் எச்சரிக்கை வந்து சேர்ந்தது. 2012 ஜூலை கடைசியில், புதிய கோடை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏறியது, ஒன்று விட்டுப்போனது. கையால் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. விட்டுப்போன சர்வரில், 2003க்குப் பிறகு பயன்படுத்தாத ஒரு பழைய வசதியின் கோடு நீக்கப்படாமல் கிடந்தது. ஆகஸ்ட் 1 காலை புதிய வசதிக்கான சுவிட்சைப் போட்டதும் அந்தப் பழைய கோடு உயிர்பெற்று, நிறுத்தமே இல்லாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

சந்தை திறப்பதற்கு முன்பே, அந்தப் பழைய வசதியின் பெயரைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கை என்ற கணக்கில் இல்லாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. பழைய கோடை நீக்குவது, சரிபார்ப்புப் பட்டியல் வைத்துக்கொள்வது, வருகிற மின்னஞ்சல்களில் எது முக்கியம் என்று பிரித்து வைப்பது, இந்த மூன்றில் எந்த ஒன்றையும் சாதனை என்று யாரும் அப்ரைசலில் எழுத மாட்டார்கள்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது

இப்போது உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். இந்த வேலையின் பலன் இரண்டு வழியில் வருகிறது.

முதல் வழி தடுப்பது. அது ஏரிக் கதைதான். பெரிய நஷ்டம் எப்போதாவது ஒரு முறைதான் வரும் என்பதால், எந்த ஒரு மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் பேக்கப்பைச் சோதித்த நேரம் வீணானது போலவே தோன்றும். பல வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

இரண்டாவது வழியைப் பலரும் கவனிப்பதில்லை. அது எல்லோருடைய வேகத்தையும் கூட்டுவது. ஒரு குழுவில் 10 பேர் என்று வையுங்கள். கோடு எழுதியதும் டெஸ்ட் ஓட்டிப் பார்க்க 30 நிமிடம் ஆகிறது, ஒருவர் ஒரு நாளைக்கு 4 தடவை ஓட்டுகிறார். குழு மொத்தமும் நாளொன்றுக்கு 20 மணி நேரம் காத்திருக்கிறது. ஒருவர் இரண்டு வாரம் உட்கார்ந்து அதை 10 நிமிடமாக்கிவிட்டால், காத்திருப்பு 7 மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். அவர் செலவிட்ட இரண்டு வாரம் சில நாட்களிலேயே திரும்பக் கிடைத்துவிடுகிறது, பிறகு வருவதெல்லாம் லாபம். அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் ஆட்கள் டெஸ்ட்டை ஓட்டாமலே விட்டுவிடுவார்கள். 10 நிமிடம் என்றால் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆனால் காலாண்டு முடிவில் புதிய வசதிகளை வெளியிட்டவர்களின் பெயர்கள்தான் திரையில் வரும். அத்தனை பேரும் வேகமாக வெளியிட வழி செய்தவரின் பெயர் வராது.

சரி, இது திறமை குறைந்தவர் செய்யும் வேலையா? 2024 மார்ச்சில், ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற டேட்டாபேஸ் பொறியாளர் வேறு ஏதோ அளவீடு செய்துகொண்டிருந்தபோது, தன் சோதனைக் கணினியில் லாகின் ஆக அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவிக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவு வைத்திருப்பது வெளிவந்தது. அது உலகெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்களுக்குப் பரவுவதற்கு முன்பே தடுக்கப்பட்டது. அரை நொடியைச் சந்தேகப்படுவதற்கு, சாதாரணமாக எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று நெடுநாள் பழக்கத்தில் தெரிந்திருக்க வேண்டும். பராமரிப்பு வேலையில் ஊறியவருக்கு வருகிற கண் அது.

இந்தப் பகுதியின் சாரம்: பெரிய நஷ்டத்தைத் தடுப்பது ஒரு பலன், பத்துப் பேரின் அன்றாட வேகத்தைக் கூட்டுவது இன்னொரு பலன். இரண்டும் செய்தவரின் பெயரில் பதிவாவதில்லை.

சலிப்பூட்டுவதெல்லாம் நல்ல வேலை ஆகிவிடாது

மேடைப் புத்திமதி தடுமாறும் இடம் இது. கூகுளின் சர்வர் பராமரிப்புக் குழுக்களில் டாயில் என்று ஒரு சொல் உண்டு. கையால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிற, இயந்திரத்திடம் ஒப்படைக்க முடிகிற, செய்து முடித்தபின் நிலைமையை ஒரு படிகூட மேம்படுத்தாத வேலையை அப்படி அழைக்கிறார்கள். தினமும் காலையில் நிரம்பிய வட்டைக் காலி செய்வது டாயில். அது நிரம்பாதபடி ஒரு ஏற்பாடு செய்வது பொறியியல். இரண்டும் கண்ணில் படாதவைதான், ஆனால் ஒன்றல்ல. அந்தக் குழுக்களில் ஒருவருடைய நேரத்தில் பாதிக்கு மேல் டாயிலுக்குப் போகக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள்.

நம் பழைய ஏரிகளைக் கட்டியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. குமிழித் தூம்பு என்ற மதகு அமைப்பில், தண்ணீர் போக மேலே ஒரு துளை, நீரோடித் துளை. அடியில் இன்னொரு துளை, சேறோடித் துளை. பாசனத்துக்குத் திறக்கும்போதே அடியில் உள்ள சேறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு வெளியேறிவிடும். தூர் வாரும் வேலை முழுதும் போய்விடாது, ஆனால் குறையும். இதைப் படித்த நாள் முதல் எனக்கு ஆட்டோமேஷன் என்றால் இந்தத் துளைதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே ஒரு வேலை உங்களிடம் வந்தால், முதல் தடவை செய்யுங்கள். இரண்டாவது தடவை செய்யும்போது படிகளை எழுதி வையுங்கள். மூன்றாவது தடவையும் வந்தால், இதை நிரந்தரமாகத் தீர்க்க இரண்டு நாள் வேண்டும் என்று கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அது மேலாளரின் முடிவாக, எழுத்தில் இருக்கட்டும்.

யார் தலையில் விழுகிறது

நான் வேலை பார்த்த ஒரு குழுவில் ஓர் அக்கா இருந்தார். அவர் மகப்பேறு விடுப்பில் போன இரண்டாவது மாதம் டெஸ்ட் சர்வரின் வட்டு நிரம்பி நின்றது. மூன்றாவது மாதம் வாடிக்கையாளர் தளத்தின் சான்றிதழ் காலாவதியானது. அதன் தேதி எங்கே குறித்து வைக்கப்பட்டிருந்தது என்றால், அக்காவின் சொந்த செல்போனில், ஒரு நினைவூட்டலாக. புதிதாக வந்த இருவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பாரில்லாமல் அவர்கள் திணறினார்கள். இத்தனையும் அவர் செய்துகொண்டிருந்தார் என்பது அவர் இல்லாதபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய அப்ரைசலில் அவருக்கு "தனிப்பட்ட பங்களிப்பு இன்னும் தேவை" என்று எழுதியிருந்தார்கள்.

இப்படிக் குழுவை ஒட்டவைக்கும் வேலையை ஆங்கிலம் கலந்து கிளூ ஒர்க் என்பார்கள், பசை வேலை. இது எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பேர் கொண்ட குழுக்களை உட்கார வைத்தார்கள். யாராவது ஒருவர் பட்டனை அழுத்தினால் எல்லோருக்கும் லாபம், அழுத்தியவருக்கு மட்டும் மற்றவர்களைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் அழுத்தினார்கள். தனித்தனிக் குழுக்களில் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே "அவங்களுக்கு இயல்பாவே பொறுப்பு அதிகம்" என்ற பேச்சு நிற்காது. அவர் செய்வார் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அவ்வளவுதான். யாராவது ஒருவரை அழுத்தச் சொல்லிக் கேட்கலாம் என்று வைத்தபோதும், ஆண் பெண் வேறுபாடில்லாமல் எல்லோரும் பெண்களிடமே அதிகம் கேட்டார்கள்.

எனவே தானாக முன்வருபவர்களை நம்பி இந்த வேலையை விடக் கூடாது. முறை வைத்துச் சுற்றில் விட வேண்டும். குடிமராமத்திலும் வீட்டுக்கு இத்தனை ஆள் என்ற கணக்கு இருந்தது, மனமிருப்பவர் வரட்டும் என்று விடவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர் எங்கே தொடங்கலாம்

முதலில், நீங்கள் குழுவில் சேர்ந்தபோது எந்த இடத்தில் தடுக்கி விழுந்தீர்களோ அதை எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரைத் தயார் செய்ய மூன்று நாள் ஆனதா? அந்தப் படிகளைத் திருத்துங்கள். பழையவர்களுக்கு அந்த முள் மரத்துப்போயிருக்கும், உங்களுக்குத்தான் இன்னும் வலிக்கும்.

அடுத்து, கடைசியாக எப்போது ஒரு பேக்கப்பை மீட்டெடுத்துப் பார்த்தோம் என்று கேளுங்கள். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். மீட்டெடுத்த தேதியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது.

செய்யும்போதே அளந்து வையுங்கள். "டெஸ்ட்டைச் சரிசெய்தேன்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "30 நிமிடம் ஆனது இப்போது 10 நிமிடம் ஆகிறது, பத்துப் பேர் தினமும் பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதினால் மேலாளர் அதை மேலே எடுத்துச் சொல்ல முடியும். தொடங்குவதற்கு முன் ஒரு தடவை அளந்துவிடுங்கள், முடிந்தபின் பழைய அளவு கிடைக்காது. ஒரு வருடம் முழுக்க இந்த வேலை மட்டுமே உங்களிடம் வந்து, ஒருவரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், அப்புறம் குழுவை மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை.

எங்கள் அக்கா விடுப்பு முடிந்து வந்ததும் தன் செல்போனை எடுத்து, அதிலிருந்த நினைவூட்டல்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நாங்கள் எழுதிக்கொண்டோம். 23 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பேரின் பெயர், அடுத்த தேதி, கடைசியாகச் செய்த தேதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெயர்கள் மாறும். சான்றிதழ் வரிக்கு எதிரே முதல் சுற்றில் என் பெயர் விழுந்தது.